முன் சீட்டு

மரக்காணம்
20.1.2006

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

அக்கா ஞானாம்பாள் எழுதுறேன். நீயும் தமிழ்நிலாவும் பெங்களூர் குளிருக்கு ஒரு மாதிரி பழகியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். பொங்கலுக்கு உன்கிட்டேயிருந்து ஒரு கார்டாவது வரும்னு தபால்காரரை எட்டி எட்டிப் பார்த்தேன், வரலை. கார்மெண்ட்ஸ் வேலையில் மூச்சு விட நேரம் இருக்காது, தெரியும். அதுக்காக அக்காளை அடியோட மறந்துடாதே. புள்ளை கன்னடம் பேசுதுன்னு உன் அண்ணன் போனில் சொன்னார். நினைச்சு நினைச்சு சிரிச்சேன்.

இங்கே உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. மழை கொட்டித் தீர்த்ததில் எல்லாருக்குமே தாமதம். நம்ம படகுப் பட்டறையில் மட்டும் வேலைக்குக் குறைச்சல் இல்லை. சுனாமிக்கு அப்புறம் குப்பத்துக்குக் குப்பம் பைபர் போட் கொடுத்தாங்க இல்லையா, அதில் கொஞ்சம் நமக்கும் வந்தது. ஏரியில் போட்டிங் விடுறவங்களும் மறுபடி மிதிபடகு கேட்டு வர்றாங்க, வாத்துக் கழுத்து வச்சது. காலையில் கதவைத் திறந்தா வாசல் முழுக்க வாத்துக் கழுத்தா காயுது. வேலைக்கு இருக்கிற கலையரசன்தான் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்றான். பிசின் நாத்தம் அவன் சட்டையை விட்டுப் போறதே இல்லை, அவன் பொண்டாட்டி பாவம்.

இவர் இருக்கார் பாரு, இந்த மனுஷன் அதில் எதிலேயும் கை வைக்கிறதில்லை. பறக்கும் படகை மறுபடி எடுத்துட்டார்.

இதைப் படிச்சு நீ கோபப்படுவியோ, அழுவியோ, தெரியலை. நான் சத்தம் போட்டுத்தான் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் தாஸ் தம்பியும் இவரும் வருஷக்கணக்கா அதோடயே குடித்தனம் பண்ணினாங்க, இனிமே அது எதுக்குன்னு கேட்டேன். அதைத்தான் நீயும் பார்த்திருக்கியே, கீழே படகு, மேலே றெக்கை, முதுகில் எஞ்சின். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. தண்ணியில் ஓடுற வரைக்கும் முன்னால் உட்கார்ந்து தாஸ் தம்பி காலால் மிதிச்சுத் திருப்பணும், ஏன்னா தண்ணியும் காத்தும் அவருக்குத்தான் தெரியும். தண்ணியை விட்டு எழும்பினதும் பின்னால் இருக்கிற இவர் ஓட்டணும். அப்படிப் பேசி வச்சுத்தான் ரெண்டு பேரும் செஞ்சாங்க. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுசா முடிச்ச சின்னப் படகைத் தண்ணியில் போட்டுப் பாருடான்னு இவர் சொன்னதும், தாஸ் தம்பி முகத்துவாரத்துக்குப் போனதும், கடல் உள்ளே வந்ததும் உனக்குத் தெரிஞ்சதுதான். படகு மட்டும் உப்பளத்து நடுவில் ஒரு கீறல்கூட இல்லாம, துடுப்பு உள்ளேயே கிடக்க, யாரோ தூக்கி வச்ச மாதிரி இருந்ததை நீயும்தானே வந்து பார்த்தே.

விஷயத்துக்கு வர்றேன். எஞ்சின் பின்தள்ளி இருக்கிறதால, முன் சீட்டில் ஆள் இல்லைன்னா வால் தாழ்ந்து மூக்கு மேலே போயிடுமாம். அப்படியே பறந்தா, ஏறின வேகத்தில் மல்லாந்து விழ வேண்டியதுதான்னு இவரே சொல்றார். நீங்க முன்னால் உட்காருங்களேன்னேன். ஓட்டுற கம்பியெல்லாம் பின்னால் இருக்கு, முன்னால் மிதிகட்டை மட்டும்தான், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டார். அதனால முன் சீட்டில் ஒரு உப்பு மூட்டை. தாஸ் தம்பி என்ன எடை இருந்தாரோ அதே எடை. பெல்ட் போட்டுக் கட்டியிருக்கார். பட்டறை உத்தரத்தில் கயிறு போட்டு மொத்தத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தாங்க. மூட்டை இருந்தா தராசு முள் மாதிரி நேரா நிக்குது. மூட்டையை எடுத்தா வால் தரையில் போய் இடிக்குது. நானும் நின்னு பார்த்தேன்.

மூட்டைக்குப் பேர் தாசு. தாசு ஏறிட்டானான்னு கலையரசனைக் கேக்கிறார். முதல்ல விளையாட்டுன்னு நினைச்சேன். முந்தாநாள் சோறு கொண்டு போறேன், இவர் பின் சீட்டில் உட்கார்ந்து மூட்டைகிட்ட பேசிக்கிட்டிருக்கார். கழுவெளி ஏரியில் இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்னு கேட்டார். கேட்டுட்டு, பதில் முடியற வரைக்கும் காத்திருந்து, சரி சரின்னு தலையாட்டினார். வெளியே உப்பளம் கண்ணைக் கூசுற பகல் நேரம். நான் கூடையை வாசலிலேயே வச்சுட்டுத் திரும்பிட்டேன்.

உன்கிட்ட சொல்லாம நான் வேற யார்கிட்ட சொல்றது? இது வேணாம்னு நீ ஒரு வரி எழுது. என் பேச்சைத்தான் காதில் போட்டுக்கிறதில்லை, உன் பேச்சைத் தட்ட மாட்டார். வேளைக்குச் சாப்பிடு. புள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா ஞானாம்பாள்


மரக்காணம்
26.2.2006

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதமும் பார்சலும் வந்து நாளாச்சு, பதில் போடத் தாமதமாயிடுச்சு. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு எழுதியிருந்தே, மாரியாத்தா புண்ணியம். நீ கும்பிடுற மாதாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனா அடியே, நான் வேணாம்னு ஒரு வரி எழுதச் சொன்னா, நீ சட்டையை அனுப்பி வைக்கிறியே! சுனாமிக்கு முந்தின நாள், அந்தக் கிறிஸ்மசுக்கு எடுத்து ஒரே ஒரு நாள் போட்ட நீலக்கோடு சட்டை. முன் சீட்டில் காத்து அடிக்கும், மூட்டைக்குப் போட்டு விடுங்கன்னு எழுதியிருக்கே. உன்னைத் திட்டலாம்னு வாயைத் திறந்து, அழுதுட்டேன். இவர் அதைப் படிச்சுட்டு நேரா போய்ப் போட்டுவிட்டார், பட்டன் எல்லாம் போட்டு. கழுத்துப் பட்டனை மட்டும் விட்டுட்டார், அவனுக்கு அது பிடிக்காதுன்னு.

நான் உப்பளக்காரர் வீட்டில் பொறந்தவ. உப்பு மூட்டை வைக்க வைக்க நீர் வடிஞ்சு எடை குறையும். வியாபாரிங்களோட எங்கப்பாவுக்கு ஆயுசு பூரா அந்தச் சண்டைதான். எடை ஏறின உப்பு மூட்டையை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. இது ஏறுது செல்வி. மாசி பிறந்ததும் மறுபடி தொங்கவிட்டாங்க, மூக்கு தரையைப் பார்த்துச்சு. இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், புதுச் சட்டை போட்டதும் ஒரு சுத்து பெருத்துட்டான்னு. மூட்டையைப் பிரிச்சு, நேரா நிக்கிற வரைக்கும் உப்பை அள்ளி வெளியே போட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா மறுபடி மூக்கு தாழ்ந்திருக்கு. மறுபடி அள்ளினாங்க.

கலையரசன் படகு வேலை தெரிஞ்சவன் இல்லையா, மூக்குப் பக்கத்து அடித்தட்டில் எங்கேயோ கீறல் விட்டுத் தண்ணி இறங்கியிருக்கும்னு சொன்னான். எனக்கு அப்பாடான்னு இருந்தது. துளை போட்டுப் பார்த்தான். தூசிதான் கொட்டுச்சு. கையை விட்டுத் துழாவினான், சொட்டு ஈரம் இல்லை. துளையைப் பிசின் வச்சு அடைச்சுட்டு, அன்னியிலேயிருந்து அந்தப் பக்கம் தனியா போக மாட்டேங்கிறான். வாத்து வேலையை வாசலிலேயே வச்சுக்கிறான்.

இன்னொண்ணு சொல்றேன், பயப்படாம படி. வாலில் ஒரு சுக்கான் இருக்கே, அது இடது பக்கம் திரும்பி நின்னுது. போற வர்றவங்க இடிச்சுக்கப் போறாங்கன்னு நான்தான் கையால நேராக்கி வச்சேன். சோத்துக் கூடையை எடுத்துட்டுத் திரும்பறேன், மறுபடி இடது பக்கம் நிக்குது. எட்டிப் பார்த்தா, முன் சீட்டு மிதிகட்டையில் இடது கட்டை அழுந்தி உள்ளே போயிருக்கு. கம்பி இழுத்துக்கிட்டிருக்கும்னு வந்துட்டேன். வீட்டில் வந்து கை கழுவும்போதுதான் உறைச்சுது, தாஸ் தம்பிக்கு இடது கால் மடங்காது. கட்டுமரம் உருண்டு முறிஞ்ச கால். இங்கே வந்தாலும் அந்தக் காலை நீட்டிக்கிட்டுத்தான் உட்காருவார், நான் தடுக்கி விழுந்து திட்டுவேன், அவர் சிரிப்பார்.

சட்டையையும் பார்த்தேன். அக்குளில் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. உப்பு மூட்டைக்கு மாட்டின சட்டையில் உப்புப் பூக்காம மல்லியா பூக்கும்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். ஆனா முதுகில் இல்லை, வயித்தில் இல்லை, அக்குளில் மட்டும்தான்.

கனவில் வர்றார்னு எழுதியிருந்தியே, ரொம்ப நேரமா ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, கால் மரத்துப் போச்சுன்னு சொல்ற மாதிரி. அது என்னிக்கு ஆரம்பிச்சதுன்னு மட்டும் எனக்கு எழுது. சட்டை அனுப்பறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ஆண்டவன் நம்ம ரெண்டு பேருக்கும் புத்தியைத் தெளிவா வச்சிருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா ஞானாம்பாள்


மரக்காணம்
2.4.2006

செல்வி,

இதைத் தனியா உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம், உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுத்தி நிப்பாங்க, என்னாலேயும் வாய்விட்டுக் கேக்க முடியாது. நாளைக்குக் காலையில் முதல் பஸ் பிடிச்சுப் பாண்டி போய்க் கூரியரில் போடுறேன்.

சட்டை அனுப்பறதுக்கு முன்னாடியே கனவு வந்துடுச்சுன்னு எழுதியிருந்தே. மூட்டையை முதல்முதலா சீட்டில் வச்ச தை மாசம்தான் அதுவும். அதை இவர்கிட்ட சொல்லலை. சொன்னா இன்னும் குஷியாயிடுவார்.

உப்பை அள்ளி அள்ளி மூட்டை தீர்ந்து போச்சு. போன வியாழக்கிழமை கடைசிக் கை உப்பையும் எடுத்தாச்சு. வெறும் சாக்கை மடிச்சு வெளியே போட்டார். முன் சீட்டில் பெல்ட்டுக்குள்ளே சட்டை மட்டும் இருந்தது. கயிறு போட்டு இழுத்தாங்க. நல்ல உச்சிவெயில், கதவெல்லாம் திறந்து கிடந்தது, இலை அசையற காத்துகூட இல்லை. நேரா நின்னுச்சு செல்வி. முன்னால் ஒண்ணுமே இல்லாம, வால் தரைக்கு வராம, நேரா நின்னுச்சு. என் ரெண்டு கண்ணாலேயும் பார்த்தேன்.

கலையரசன் நம்பலை. புது மூட்டை ஒண்ணைத் தூக்கிட்டு வந்து சீட்டில் வச்சான். வச்சதும் மூக்கு தொப்புன்னு தரையில் இடிச்சது. உள்ளே மிதிகட்டையில் டக்குன்னு ஒரு சத்தம், யாரோ காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்ட மாதிரி. கலையரசன் மூட்டையை அள்ளி எடுத்துக்கிட்டு, தெரியாம வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்கண்ணேன்னான். இவரைப் பார்த்துச் சொல்லலை. முன் சீட்டைப் பார்த்துச் சொன்னான். மறுநாளிலேயிருந்து வேலைக்கு வரலை, வானூரில் மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்துட்டான். வாத்தெல்லாம் கழுத்தில்லாம கிடக்குது.

இவர் முகத்தை நீ பார்க்கணுமே. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. சித்திரை ஒண்ணாம் தேதி கிளம்பறதுன்னு நாள் குறிச்சுட்டார். உங்களுக்கு அன்னிக்குப் பெரிய வெள்ளி. கழுவெளியில் எழும்பி, முகத்துவாரம் வழியா கடலுக்கு மேலே போய், ஒரு சுத்து சுத்தித் திரும்பணுமாம். தாசு கடல் பக்கம் போகணும்கிறான், அவன் ஆசையைத் தீர்க்கணும்கிறார். டெல்லியில் அனுமதி வாங்கணுமேன்னு கேட்டா, பனைமர உயரம் போறதுக்கு என்னடி டெல்லின்னு கத்துறார். நீங்க போகவே வேணாமேன்னு காலைப் பிடிச்சேன். அவன் இல்லாம நான் தனியா போக மாட்டேன் ஞானம், அவன்தான் இருக்கானேன்னார்.

முதல்ல நான் பயந்தது, இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கோன்னு. இப்ப அந்தப் பயம் இல்லை. நேத்து மதியம் இவர் சாப்பிட்டுக் கண் அசந்தப்ப நான் தனியா பட்டறைக்குப் போனேன். தம்பி, இறங்கிடுங்க, இந்த மனுஷனை விட்டுடுங்கன்னு கேட்டேன். ஒண்ணும் நடக்கலை. சீட்டைத் தொட்டேன். வெதுவெதுன்னு, ஈரமா இருந்தது. பிசின் வாசனை இல்லை, எண்ணெய் வாசனை இல்லை, தண்ணி வத்தினா கழுவெளியில் வருமே, அந்தச் சேத்து வாசனை. விரலை நாக்கில் வச்சுப் பார்த்தேன். பாத்தி உப்பு எனக்குத் தெரியாதா? அது இல்லை இது. கடல் தண்ணி. எனக்குத் திரும்பி நடக்க முடியலை, முதுகைக் காட்டாம பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்தேன்.

அவர் இருக்கார். நான் நம்பறேன். இப்ப என் பயம் வேற. உன் புருஷன் ஒரு பீடி குடிக்கிற நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்காரா? பந்தியில் உட்கார வச்சாக்கூட பாதியில் எழுந்து பரிமாறப் போவார். இப்ப உட்கார்ந்திருக்கிறது கடலுக்காகத்தான். கடலுக்கு மேலே போனதும், கீழே எக்கியார்குப்பம் தெரிஞ்சதும், உங்க வீட்டுக் கூரை தெரிஞ்சதும், இறங்கிட்டார்னா? முன்னால் பாரம் இருக்காது. மூக்கு மேலே போகும். பின்னால் இந்த மனுஷன் ஒத்தை ஆளா உட்கார்ந்திருப்பார்.

கம்பியை வெட்டிடலாமான்னு பார்த்தேன். வெட்டினா இவர் எனக்குத் தெரியாம மறுபடி கட்டுவார். போலீசில் சொன்னா படகைத்தான் தூக்கிட்டுப் போவாங்க, இவர் இன்னொண்ணு செய்வார், அதிலேயும் முன் சீட்டு இருக்கும்.

இன்னிக்குக் காலையில் உங்க மாதா கோயிலுக்குப் போனேன். பூசை முடிஞ்சு, பொட்டும் பூவுமா நான் ஓரமா நிக்கிறதைப் பார்த்து சாமியாரே வந்து கேட்டார். மரியதாசுக்கு இறந்தவங்களுக்கான பூசை வைக்க முடியுமான்னு கேட்டேன். சுனாமி வருஷ நினைவுப் பூசையிலேயே பேரைச் சேர்க்க வேணாம், உடம்பைப் பார்க்காம நான் எப்படிக் கொடுப்பேன்னு அவர் சம்சாரம் அழுதுட்டாங்க, அவங்க வாயால சொல்லாம நான் செய்ய மாட்டேன்னார். நல்ல மனுஷன், அவர் மேலே தப்பில்லை. குருத்தோலை ஞாயிறு வந்துட்டா ஈஸ்டர் முடியற வரைக்கும் அந்தப் பூசை வைக்க மாட்டாங்களாம். அப்படின்னா வர்ற சனிக்கிழமைக்குள்ளே நடக்கணும்.

நீ பேர் கொடுத்து, பூசை முடிஞ்சு அவர் இறங்கிப் போயிட்டார்னா, அன்னிக்கே இவரை இழுத்துட்டுப் போய் இன்னொரு தடவை தொங்கவிடச் சொல்வேன். வால் தரையில் இடிக்கிறதை இவரே பார்த்தா போதும். அவன் இல்லாம போக மாட்டேன்னு சொன்ன மனுஷன், போக மாட்டார். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதான்.

நான் என்ன கேக்கிறேன்னு எனக்குத் தெரியும். என் கழுத்தில் தாலி நிக்கணும்னு உன் கழுத்துத் தாலியைக் கழட்டச் சொல்றேன். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைகிட்ட கேக்கக்கூடாததைக் கேக்கிறேன். நீ இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டாலும், என் மூஞ்சியில் காறித் துப்பினாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனா வா செல்வி. ராத்திரி பஸ் ஏறினா விடியறப்போ திண்டிவனத்தில் இறங்கிடலாம், நான் வந்து நிக்கிறேன். நேரா பட்டறைக்குப் போவோம். நீ அவர் பக்கத்தில் போய், போதும், எழுந்து வாங்கன்னு ஒரு தடவை கூப்பிடு. நான் கூப்பிட்டு வரலை. நீ கூப்பிட்டா வருவார். கூப்பிட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம கோயிலுக்கு நட, பின்னாலேயே வருவார். போற வழியில்தான் நம்ம வீடு. கதவைத் திறந்து வச்சிருப்பேன். எனக்குப் பயமில்லை. அவருக்குப் பிடிச்ச மாதிரி புளி தூக்கலா மீன்குழம்பு வச்சு இலை போடுறேன், காலை நீட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் வேணுமானாலும் உட்காரட்டும். வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

உன்னிடம் மடி ஏந்தி நிற்கும்
ஞானாம்பாள்